மூக்குக் கண்ணாடிக்காகப் பதவி துறந்தவரின் ஊரில்

அக்டோபர் 14, 2025, செவ்வாய் – கார்டிஃப்

மகள் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கார்டிஃப் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அவளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்த நான், பத்தாவது நாளே வீட்டுச் சுவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனேன். இந்த வாரம் அவளுக்குத் தொடர்ந்து இரவுப் பணி. பகல் முழுவதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள் தூங்க, நான் காலோசை கேட்காமல் பூனை மாதிரி நடமாட வேண்டும். “நான்கு நாள் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள், அப்பா. முதலில் குயின் தெருவில் எங்கள் பெரிய முதலாளி நிற்கிறார், அவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெரிய முதலாளி என்று அவள் சொன்னது அனைரின் பெவனின் வெண்கலச் சிலையை. 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் அவர்; இந்த ஊர்க்காரர்கள் இன்றும் ‘நை’ என்று செல்லமாகவே அழைக்கிறார்கள். 1987இல் வைத்த சிலை. நம் ஊர்த் தலைவர்களின் சிலைகள் போலக் கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டு நிற்காமல், எதிரே நிற்பவரோடு வாதாடுவது போல முன்னால் சாய்ந்திருக்கிறது. தலைமேல் ஒரு கடற்காகம் உட்கார்ந்திருந்தது. சிலைகளின் பொது விதியிலிருந்து பெவனுக்கும் விலக்கு இல்லை.

பாளையங்கோட்டையில் பட்டப்படிப்புப் படித்த காலத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் காசு வாங்கக் கூடாது என்று சொல்லி அமைச்சர் பதவியை விட்டெறிந்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார் என்று வகுப்பில் சொன்னார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, மூக்குக் கண்ணாடிக்காகவா ஒருவர் பதவியைத் துறப்பார் என்பதே அன்றைய என் எண்ணம். அந்த ஒருவர்தான் பெவன். நாற்பது ஆண்டுகள் கழித்து அவருடைய ஊருக்கே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியதற்கு அந்தச் சிரிப்பைத் தவிர வேறு காரணம் இல்லை.

மாலையில் கார்டிஃப் சந்தைக்குள் நுழைந்து வெல்ஷ் கேக் வாங்கினேன். கேக் என்பது பெயரளவில்தான். உலர்திராட்சை கலந்த மாவைத் தட்டி, நம் தோசைக்கல் போன்ற கனத்த இரும்புக் கல்லில் இருபுறமும் வாட்டி எடுத்துச் சர்க்கரையைத் தூவிக் கொடுக்கிறார்கள். ஆறு துண்டு நான்கு பவுண்டு. 118ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை மகள் தடை செய்திருக்கிறாள். ஆனாலும் மனம் பெருக்கிவிடுகிறது.

அக்டோபர் 15, புதன் – ட்ரெடீகர்

பெவனின் ஊரான ட்ரெடீகருக்குப் போக, எப்பு வேல் வரை ரயிலில் ஒரு மணி நேரம் என்றார்கள். நியூபிரிட்ஜ் நிலையத்தில் எல்லோரையும் இறக்கி, ஏதோ கோளாறு என்று சொல்லி, மழையில் நாற்பது நிமிடம் நிற்கவைத்து, பிறகு பேருந்தில் ஏற்றினார்கள். நம் ஊராக இருந்திருந்தால் இதற்குள் நிலைய அதிகாரியைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியிருக்கும். இங்கே ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும், முகம் முழுக்கக் கடுப்போடு இருந்தவர் உட்பட, “சியர்ஸ், டிரைவ்” என்று ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டே இறங்கியதைக் கவனித்தேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் வழியில் வரும் லான்ஹிலெத் என்ற ஊரின் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றார். ‘லா’ என்று நான் எழுதியிருப்பது பிழை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக் காற்றை இருபுறமும் சீறவிட வேண்டும். எனக்கு எச்சில்தான் தெறித்தது. பதிலுக்கு நான் ‘தமிழ்’ என்று சொல்லச் சொன்னேன். மூன்று முறை முயன்று அவரும் தோற்ற பிறகு இருவரும் சமாதானமானோம்.

எப்பு வேலிலிருந்து மலையைத் தாண்டி இன்னொரு பேருந்து. ட்ரெடீகர் சர்ஹவி ஆற்றின் பள்ளத்தாக்கில் இரும்பாலையையும் நிலக்கரியையும் நம்பி எழுந்த ஊர். இரண்டும் போய்விட்டன; ஒன்றையொன்று ஒட்டிய தொழிலாளர் வீடுகளின் நீண்ட வரிசைகள் மட்டும் சரிவில் அடுக்கடுக்காக நிற்கின்றன. சார்லஸ் தெருவின் அப்படிப்பட்ட வீடு ஒன்றில்தான் 1897 நவம்பர் 15 அன்று பெவன் பிறந்தார். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி, தாய் ஃபீபி தையல் தெரிந்தவர், பிள்ளைகள் பத்துப் பேர். அவர்களில் சிலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள்.

பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுப் பையன் இறங்கிய சுரங்கத்தின் பெயர் டீ டிரிஸ்ட். வெல்ஷ் மொழியில் அதற்குச் ‘சோக வீடு’ என்று பொருள் என்று விடுதிக்கார அம்மாள் சொன்னார். ஒரு சுரங்கத்துக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவர்கள் உண்மையை மறைக்கவில்லை.

பையனுக்குத் திக்குவாய். தொழிலாளர் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, மலைமேல் தனியாக ஏறிக் கவிதைகளை உரக்கச் சொல்லிப் பழகினார். எந்தச் சொல்லில் நாக்கு தடுக்குமோ அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதே பொருள் தரும் வேறு சொல்லுக்குத் தாவுவதற்காகவே சொற்களைச் சேர்த்துவைத்துக்கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் சர்ச்சிலுக்கு ஈடுகொடுத்துப் பேசிய நாவன்மையின் வேர் இந்தக் குறைபாட்டில்தான் இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில், நிகண்டு மனப்பாடம் செய்வதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

ஊரின் நடுவே ‘வட்டம்’ என்று அழைக்கப்படும் சதுக்கத்தில் 72 அடி உயர வார்ப்பிரும்பு மணிக்கூண்டு நிற்கிறது. 1858இல் சந்தை ஒன்று நடத்திச் சேர்த்த பணத்தில் கட்டியது. அதன் எதிரே பத்தாம் எண் கட்டடம்; நான் இந்த ஊருக்கு வந்தது வீண் போகவில்லை என்று தோன்றியது அங்கேதான். ட்ரெடீகர் மருத்துவ உதவிச் சங்கம் இயங்கிய இடம் அது. இப்போது மரபு மையமாக வைத்திருக்கிறார்கள்.

சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் தங்கள் கூலியில் பவுண்டுக்கு மூன்று பென்னி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அன்றைய கணக்கில் பவுண்டுக்கு 240 பென்னி என்பதால் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. அந்தப் பணத்தில் சங்கமே மருத்துவர்களையும் அறுவை மருத்துவரையும் பல் மருத்துவரையும் செவிலியரையும் சம்பளத்துக்கு அமர்த்தியது. கொடுத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நோய் வந்தால் தனியாகக் காசு கிடையாது. ஊரில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிட்டார்கள். பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஏ.ஜே. குரோனின் 1920களில் இங்கே மருத்துவராக இருந்தார். இளம் பெவன் உள்ளூர் மருத்துவமனைக் குழுவில் அமர்ந்து இந்தக் கணக்குவழக்குகளையெல்லாம் பார்த்தவர். அமைச்சரான பிறகு, ட்ரெடீகரில் ஒரு தலைமுறையாக எங்களுக்குக் கிடைத்ததைத்தான் நாட்டுக்கே விரிக்கிறேன், உங்களையெல்லாம் ட்ரெடீகர் ஆக்கப்போகிறேன் என்று அவர் சொன்னதாக ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மையத்தில் என்னோடு பேசிய தன்னார்வலர் ஒருவர், தம் பாட்டனார் வாரம்தோறும் பணம் கட்டியதையும், சங்கத்து மருத்துவர் வீட்டுக்கு வரும் நாளில் பாட்டி வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுப்பாக்குவதையும் சொன்னார். “மருத்துவர் வருகிறார் என்றால் விருந்தாளி வருகிற மாதிரி. ஆனால் பயம் இல்லை, ஏனென்றால் பில் கிடையாது” என்றார்.

பெவனின் தந்தை 1925இல் நிலக்கரித் தூசி படிந்த நுரையீரலோடு மகனின் கைகளிலேயே இறந்தார். அந்த நோய் அப்போது தொழில் நோய்களின் பட்டியலில் சேர்க்கப்படாததால் இழப்பீடு ஒரு காசுகூட வரவில்லை. இந்த ஊரில் சங்கத்தைப் பற்றிக் கேட்டால் கதை எப்படியும் அந்த மரணத்தில் போய்த்தான் நிற்கிறது.

இரவு விடுதியில் ‘கவுல்’ என்ற சூப்: ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, லீக் தண்டு போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தது. உப்பைத் தவிர வேறு எதுவும் அதில் தட்டுப்படவில்லை. மிளகுப் பொடியை நான் கவிழ்த்த வேகத்தைப் பார்த்து அந்த அம்மாள் குப்பியை என் பக்கமே வைத்துவிட்டார். அறை வாடகை அறுபத்தைந்து பவுண்டு, காலையுணவு சேர்த்து. முப்பது ஆண்டுகள் தங்கள் குடும்ப மருத்துவராக இருந்தவர் மெட்ராஸ்காரர் என்று சொல்லி அவர் பெயரையும் சொன்னார். எத்தனை முறை சொல்லியும் அது எந்தத் தமிழ்ப் பெயர் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வர உள்ளூர் மருத்துவர்கள் தயங்கிய காலத்தில், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களே பல ஊர்களில் கிளினிக்குகளை நடத்தினார்கள்.

அக்டோபர் 16, வியாழன் – மலைமேல், பிறகு எப்பு வேல்

ட்ரெடீகருக்கும் எப்பு வேலுக்கும் இடையே உள்ள மேட்டில் பெவனின் நினைவுக் கற்கள் இருக்கின்றன. பெரிய சுண்ணாம்புக் கல் ஒன்று அவருக்கு; எதிரே மூன்று சிறிய கற்கள் அவர் தொகுதியின் மூன்று ஊர்களுக்கு: எப்பு வேல், ட்ரெடீகர், ரம்னி. 1929இல் முதன்முறையாக எப்பு வேல் தொகுதியில் வென்றவர் 1960இல் இறக்கும்வரை அந்தத் தொகுதியை இழக்கவில்லை. இந்த மேட்டில் நின்றுதான் தம் மக்களோடு பேசினார். ஒலிபெருக்கிக்கே சவாலான காற்று. நான் குடையை விரித்த மறுநொடி அது உள்பக்கம் மடிந்து கம்பியெல்லாம் வெளியே வந்துவிட்டது.

விபத்து நடந்தது இங்கேதான். மழைத் துளிகள் படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனேன். விறைத்த விரல்களிலிருந்து நழுவி, பெரிய கல்லின் அடிப்பாகத்தில் மோதி, ஈரப் புல்லில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வலது காதுப் பக்கத்துக் கால், ஆணி இருந்த கீல் முறிந்து தனியாகக் கிடக்கிறது. ஒரு லென்ஸும் பிரேமிலிருந்து கழன்றுவிட்டது. எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை. கண்ணாடி இல்லாவிட்டால் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் பால் ஊற்றியது போலத் தெரியும். லென்ஸைத் தேட வேண்டும். தேடுவதற்குக் கண்ணாடி வேண்டும். மண்டியிட்டுப் புல்லைத் தடவிக்கொண்டிருந்த என்னை நாயோடு நடைக்கு வந்த ஒரு பெண்மணி பார்த்து, கற்களுக்கு வழிபாடு செய்கிறேன் என்று நினைத்து முதலில் ஒதுங்கி நின்றிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அவரும் குனிந்து தேடினார். லென்ஸ் அவர் கண்ணில்தான் பட்டது. “வாங்க, லவ்” என்று என் முழங்கையைப் பிடித்து நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய், வரும் பேருந்தின் எண்ணைப் பார்த்துச் சொல்லி, ஓட்டுநரிடம் என்னை எங்கே இறக்கிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டே போனார்.

எப்பு வேல் பெரிய எஃகாலை இருந்த ஊர். 2002இல் அது மூடப்பட்டது. கடைத்தெருவில் கண்ணாடிக் கடையைப் பெயர்ப்பலகை படித்துக் கண்டுபிடிக்க முடியாமல் முதலில் ஒரு முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தேன். சரியான கடையில் புதிய ஜோடிக்கு நூற்று நாற்பது பவுண்டு, என் பவருக்கு லென்ஸ் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான் முகம் வாடியதைக் கவனித்த வயதான பெண் ஒருவர் இழுப்பறையிலிருந்து பழைய பிரேம்கள் போட்ட பெட்டியை எடுத்துக் கொட்டி, ஒவ்வொரு காலாக என் பிரேமோடு பொருத்திப் பார்க்கத் தொடங்கினார். கடுகளவுத் திருகாணியை நுண்ணிய இடுக்கியால் பிடித்து அவர் திருப்புவதைக் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுத முடியாது.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் பேராசிரியரின் வகுப்பு நினைவுக்கு வந்தது.

தேசிய சுகாதாரச் சேவைக்கு முன்பு ஏழைகள் மலிவுக் கடைகளில் குவித்துவைத்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எது ஓரளவு தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கிப் போனார்கள். சேவை தொடங்கிய முதல் ஆண்டில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் கொடுக்கப்பட்டன. அரசு திகைத்துப்போனது; இத்தனை பேருக்குக் கண் தெரியவில்லை என்பது அதுவரை கணக்கிலேயே இல்லை. 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் கொரியப் போரை ஒட்டிய ஆயுதச் செலவுக்காகப் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களிடம் வாங்குவது என்று வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார். அதனால் அந்த ஆண்டில் மிச்சமாகக்கூடியது 1.3 கோடி பவுண்டு. ஆயுதத் திட்டமோ மூன்று ஆண்டுகளுக்கு 470 கோடி பவுண்டு. அப்போது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த பெவன் பதவி விலகினார். அடுத்த நாள், பின்னாளில் பிரதமரான ஹரால்டு வில்சனும் விலகினார். அத்தனை ஆயுதத்தை அந்தக் காலத்துக்குள் நாட்டால் உற்பத்தி செய்யவே முடியாது என்பது பெவனின் வாதத்தின் மறுபாதி. அதே ஆண்டு தேர்தலில் வென்று வந்த சர்ச்சில் அந்தத் திட்டத்தைத் தளர்த்தியபோது, பெவன் சொன்னது தற்செயலாகவேனும் சரியாகிவிட்டது என்று குத்தலோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பெவன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல நான் வரவில்லை. சேவை தொடங்குவதற்கு முந்தைய நாள் மான்செஸ்டரில் பேசும்போது எதிர்க்கட்சியினரைப் புழு பூச்சிகளைவிடக் கேவலமானவர்கள் என்று சொல்லி, வெற்றி நாளைத் தாமே கசப்பாக்கிக்கொண்டார். பத்தில் ஒன்பது மருத்துவர்கள் வாக்கெடுப்பில் எதிர்த்தபோது, பெரிய மருத்துவர்கள் தனிப்பட்ட முறையில் காசு வாங்கிச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று அனுமதித்துத்தான் அவர்களை வழிக்குக் கொண்டுவந்தார். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் வாங்கும் அதிகாரத்தை 1949இல் சட்டத்தில் நுழைத்த அமைச்சரவையிலும் அவர் இருந்தார். 1957இல் அணுகுண்டைக் கைவிடும் தீர்மானத்தை எதிர்த்துப் பேசித் தம் சீடர்களையே அழவைத்தார். இவையெல்லாம் உண்மை. ஆனால் கண்ணாடி விஷயத்தில் நாங்கள் வகுப்பில் சிரித்தது தவறு. அதை உணர எனக்கு ஒரு கல்லும் ஈரப் புல்லும் தேவைப்பட்டன.

கடைக்காரப் பெண் கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டார். இடது கால் கறுப்பு, வலது கால் ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளையின் பழைய பிரேமிலிருந்து வந்த நீலம். எவ்வளவு என்று கேட்டேன். முதியோர் பராமரிப்புக்காக வைத்திருந்த உண்டியலைக் காட்டி, விருப்பமானதைப் போடச் சொன்னார். ஐந்து பவுண்டு போட்டேன். பக்கத்துக் காபிக் கடையில் ஈரலும் இறைச்சியும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை, வேகவைத்த பட்டாணியோடும் பழுப்புக் குழம்போடும் ஏழு பவுண்டுக்குச் சாப்பிட்டேன். நேற்றைய சூப்பைவிட நூறு மடங்கு மேல். தட்டில் என்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்ததும் ருசிக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 17, வெள்ளி – மீண்டும் கார்டிஃப்

நான்கு நாள் என்று கிளம்பியதில் ஒரு நாள் மீதம் இருக்கிறது. ஆனால் காலையிலேயே தொண்டை கட்டி, மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது. ரயில் இன்று ஒழுங்காக ஓடியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காலத்தில் நிலக்கரிக் குவியல்களாக இருந்த மேடுகள் புல் முளைத்துச் சாதுவாகக் கிடந்தன. லான்ஹிலெத் வந்தபோது யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். இந்த முறையும் எச்சில்தான்.

பெவன் 1960 ஜூலை 6 அன்று, தாம் தொடங்கிய சேவைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த மறுநாள், புற்றுநோயால் இறந்தார். வயது 62. உடன் இருந்த மனைவி ஜென்னி லீயும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பின்னாளில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமானவர். நேரு இருவருக்குமே நண்பர்.

மகள் இரவுப் பணி முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். என் தொண்டையைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தபடியே, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வேலை செய்யும் அவள் தோழி ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கொடுக்க வேண்டியிருப்பதையும், பாலத்தைத் தாண்டி வேல்ஸுக்குள் வந்தால் 2007 முதல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை என்பதையும் சொன்னாள். என்னைப் போன்ற விருந்தாளிகள் நிலை என்ன என்று கேட்டேன். வெளிநாட்டவருக்கும் இலவசமா என்ற கூச்சல் பெவன் காலத்திலேயே எழுந்திருக்கிறது. யார் வெளிநாட்டவர் என்று கண்டுபிடிக்கப் போனால் ஒவ்வொரு உள்நாட்டவரும் அடையாளச் சான்றோடு அலைய வேண்டியிருக்கும், அது அற்பத்தனம் மட்டுமல்ல, வீண் வேலையும்கூட என்று 1952இல் தாம் எழுதிய நூலில் அவர் பதில் சொல்லியிருக்கிறார். இப்போது விதிகள் வேறு. அதனால்தான் மகள் எனக்குப் பயணக் காப்பீடு எடுத்த பிறகே விமானச் சீட்டு எடுத்தாள்.

பேசிக்கொண்டே இருந்தவள் அப்போதுதான் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“அப்பா, இது என்ன, ஒரு கால் நீலம்?”

சொன்னேன். நாளைக்கே புதிய கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தாள். ஊருக்குப் போய் மாற்றிக்கொள்கிறேன், அதுவரை இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவள் தூங்குவதற்காகத் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.